மதிப்பெண் வந்துவிட்டது, விடைத்தாள் எங்கே?

பொங்கலை ஒட்டிய வாரங்களில் 10, 12-ஆம் வகுப்பு மாணவர்களுக்குத் திருப்புதல் தேர்வுகளின் காலம் தொடங்கிவிடுகிறது. அரையாண்டுத் தேர்வின் களைப்பு நீங்குவதற்குள் முதல் திருப்புதல், அடுத்து இரண்டாம் திருப்புதல், இடையே செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு என நாள்காட்டி விரைகிறது. இந்த இரண்டு மாதங்களில் பல வீடுகளில் ஒரே காட்சியைக் காணலாம். எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த மதிப்பெண்ணோடு பிள்ளை வீடு திரும்புகிறான். கண்டிப்பதா, தேற்றுவதா என்று தெரியாமல் பெற்றோர் திகைக்கிறார்கள். அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை.

அந்தப் பிள்ளையின் பையில் பெரும்பாலும் ஒரு பொருள் இருப்பதில்லை. அதுதான் அவன் எழுதிய விடைத்தாள். மதிப்பெண் மட்டும் வந்திருக்கிறது. வகுப்பில் உரக்க வாசிக்கப்பட்டு, பதிவேட்டில் ஏறி, பெற்றோரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாகவும் போய்ச் சேர்ந்திருக்கிறது. விடைத்தாளோ ஆசிரியர் அறையில் கட்டாகக் கிடக்கிறது. அல்லது ஒரு பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடங்களில் கைக்கு வந்து, கூட்டல் சரிபார்க்கப்பட்டு, திரும்பப் பெறப்பட்டுவிடுகிறது. ஒத்திகைத் தேர்வில் சறுக்கிய மாணவர் மீண்டெழுவது எப்படி என்ற கேள்விக்கு விடை தேடுவோர் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மதிப்பெண் எவ்வளவு இழந்தோம் என்று சொல்லும். எங்கே இழந்தோம் என்பதை விடைத்தாள்தான் சொல்லும்.

திருப்புதல் தேர்வு என்ற பெயரிலேயே அதன் நோக்கம் இருக்கிறது. படித்ததைத் திருப்பிப் பார்ப்பதற்கான தேர்வு அது. பொதுத்தேர்வில் நேரக்கூடிய பிழைகள் முன்கூட்டியே நேர்ந்துவிட்டால் அவற்றைத் திருத்திக்கொள்ளலாம் என்பதே அதன் பயன். ஆனால், நடைமுறையில் அது தீர்ப்பு வழங்கும் தேர்வாக மாறிவிட்டது. 'இவன் தேறுவான், இவள் தேற மாட்டாள்' என்று பிரித்து எழுதும் பட்டியலுக்கு அது அடிப்படையாகிறது. இந்த மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை.

2020-ஆம் ஆண்டு கொரோனா பெருந்தொற்றால் 10-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தமிழக அரசு ஜூன் மாதம் ரத்து செய்தது. 9 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டனர். அவர்களுக்கான மதிப்பெண், காலாண்டு மற்றும் அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 விழுக்காடும் வருகைப் பதிவிலிருந்து 20 விழுக்காடுமாகக் கணக்கிடப்பட்டது. அன்றைய நெருக்கடியில் அரசுக்கு வேறு எளிய வழி இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆயினும், ஒத்திகை என்று கருதி எழுதிய தேர்வே அரங்கேற்றமாகிவிட்டது என்பதை அந்த மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் அன்று உணர்ந்தனர். 'அரையாண்டுதானே' என்று அசட்டையாக எழுதியவர்களுக்கு அது கசப்பான பாடம்.

அந்த அச்சம் எளிதில் நீங்கவில்லை. 2022 பிப்ரவரியில் 10, 12-ஆம் வகுப்புகளுக்கான திருப்புதல் தேர்வு வினாத்தாள்கள் தேர்வுக்கு முன்பே இணையத்தில் வெளியாயின. ஒத்திகைத் தேர்வின் வினாத்தாளை யாராவது களவாடுவார்களா? நம் பலவீனத்தை நமக்கே காட்டும் தேர்வில் ஏமாற்றினால் ஏமாறுவது நாம்தானே? அந்தத் தேர்வின் மதிப்பெண் நாளை வேறெதற்கோ பயன்படக்கூடும் என்ற எண்ணம் பரவிய பிறகுதான் அப்படியொரு கசிவுக்கு விலை உண்டாகிறது.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. அதே 2020-ஆம் ஆண்டு இங்கிலாந்திலும் பள்ளி இறுதித் தேர்வுகள் ரத்தாயின. ஆசிரியர்கள் கணித்துத் தந்த தரநிலைகளை ஒரு கணினிச் சூத்திரத்தின் வழியே அரசு திருத்தியது. ஏறத்தாழ 40 விழுக்காட்டுத் தரநிலைகள் குறைக்கப்பட்டன. முடிவுகள் வெளியாவதற்கு இரு நாள்களுக்கு முன்பு, மாதிரித் தேர்வில் பெற்ற தரநிலை கூடுதலாக இருந்தால் அதைக் கொண்டு முறையிடலாம் என்று அரசு அறிவித்தது. ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு விதமாக, ஒவ்வொரு நோக்கத்தோடு நடத்திய தேர்வை எப்படிப் பொது அளவுகோலாகக் கொள்வது என்ற கேள்வி எழுந்தது. மாணவர்களின் எதிர்ப்பு வலுத்ததால் ஆகஸ்ட் 17-ஆம் தேதி அந்தச் சூத்திரமே கைவிடப்பட்டது. பிழை காண்பதற்காக ஏற்பட்ட தேர்வின் மீது தகுதியை நிர்ணயிக்கும் சுமையை ஏற்றினால் அது தாங்காது என்பதற்கு அந்தச் சில நாள்களே சான்று.

பெருந்தொற்று முடிந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆனாலும் நம் பள்ளிகளில் திருப்புதல் தேர்வு இன்னும் தீர்ப்பாகவே நீடிப்பதற்குக் காரணம் தேர்ச்சி விழுக்காடு. 2017-இல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில, மாவட்ட அளவிலான தரவரிசை அறிவிப்பைத் தமிழக அரசு கைவிட்டது. மாணவர்களிடையே ஆரோக்கியமற்ற போட்டியைத் தவிர்ப்பதற்கான நல்ல முடிவு அது. ஆனால், பள்ளிகளுக்கிடையிலான போட்டி நிற்கவில்லை. 'நூறு விழுக்காடு தேர்ச்சி' என்ற பதாகை பள்ளி வாசலில் தொங்க வேண்டுமென்றால், தேற மாட்டார் என்று தோன்றும் மாணவர் தேர்வெழுதாமல் இருப்பதே சுலபமான வழி என்ற எண்ணம் சில நிர்வாகங்களுக்கு வந்துவிடுகிறது. பெற்றோரை அழைத்து, 'தனித்தேர்வராக எழுதட்டுமே' என்று சொல்வதும், மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளச் சொல்வதும் ஆண்டுதோறும் எழும் புகார்கள். அப்போது அந்தப் பெற்றோர் முன் எடுத்து வைக்கப்படும் ஆதாரம் பெரும்பாலும் அரையாண்டு அல்லது திருப்புதல் தேர்வின் மதிப்பெண்தான்.

பள்ளி வெளியேற்றாவிட்டாலும் மாணவர் தாமாகவே விலகிக்கொள்வதும் உண்டு. 2023 மார்ச்சில் 12-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வின் முதல் நாளான தமிழ்த் தேர்வுக்கு 50,000-க்கும் மேற்பட்டோர் வரவில்லை என்ற செய்தி தமிழகத்தை உலுக்கியது. பெருந்தொற்றுக் காலக் கற்றல் இழப்பு, குடும்ப வறுமை, படிப்பை விட்டு வேலைக்குச் சென்றது எனக் காரணங்கள் பல சொல்லப்பட்டன. அவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த ஒத்திகைகளில் 'நீ தேற மாட்டாய்' என்று சொல்லப்பட்ட மாணவருக்கு, தேர்வறைக்கு வருவதற்கு என்ன காரணம் மிஞ்சியிருக்கும்?

இதைவிடக் கொடிய விளைவும் உண்டு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி 2022-இல் இந்தியாவில் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டனர். ஒவ்வொரு மரணத்துக்கும் காரணங்கள் பல. தேர்வு மட்டுமே காரணம் என்று எளிமைப்படுத்துவது தவறு. ஆனால், மாணவர் மனநலத்தில் கல்வி நிலையங்களுக்குப் பொறுப்புண்டு என்பதில் ஐயமில்லை. 2025 ஜூலை 25 அன்று உச்சநீதிமன்றம் நாடு முழுவதற்குமாகப் பிறப்பித்த 15 வழிகாட்டு நெறிமுறைகள் இதைத்தான் வலியுறுத்துகின்றன. மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரிப்பதும், பலர் முன்னிலையில் அவமானப்படுத்துவதும், அவர்களுடைய ஆற்றலுக்கு மீறிய இலக்குகளைச் சுமத்துவதும் கூடாது என்று அவை கூறுகின்றன. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனங்களில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் இருக்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. திருப்புதல் தேர்வு மதிப்பெண்ணை இறங்குவரிசையில் வகுப்பில் வாசிக்கும் வழக்கத்தை இந்த நெறிமுறைகளின் வெளிச்சத்தில் ஒவ்வொரு தலைமை ஆசிரியரும் மறுபரிசீலனை செய்வது நல்லது.

'கொஞ்சம் உறைத்தால்தான் படிப்பான்' என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில். திருப்புதல் தேர்வில் வேண்டுமென்றே கடுமையாகத் திருத்தும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய நோக்கத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. நூற்றுக்கு 85 வாங்கும் மாணவருக்கு அந்த அதிர்ச்சி ஒருவேளை உதவக்கூடும். எங்கே தவறினோம் என்று தேடும் திறன் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. 30 வாங்கும் மாணவருக்கு அதிர்ச்சி மட்டுமே கிடைக்கிறது, வழி கிடைப்பதில்லை.

ஆய்வுகளும் இதையே உணர்த்துகின்றன. 2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். மாணவர்களில் ஒரு பிரிவினர் ஓர் உரைப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தனர். இன்னொரு பிரிவினர் ஒரு முறை படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்க்கும் தேர்வைப் பலமுறை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே மேலாக இருந்தனர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது. எழுதிப் பார்த்தவர்களே கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர். எழுதிப் பார்ப்பது வெறும் அளவீடு அன்று, அதுவே ஒரு கற்றல் முறை என்பது இதன் பொருள். அப்படியானால், திருப்புதல் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்ற மாணவரும் அந்த மூன்று மணி நேரத்தை வீணடித்துவிடவில்லை. நினைவிலிருந்து மீட்டெடுக்கும் பயிற்சியை அவர் செய்திருக்கிறார்.

1988-இல் ரூத் பட்லர் என்னும் ஆய்வாளர் வெளியிட்ட முடிவு இன்னும் கவனிக்கத்தக்கது. ஒரு பிரிவு மாணவர்களுக்கு மதிப்பெண் மட்டும் தரப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு மதிப்பெண் இன்றிக் குறிப்புரை மட்டும். மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும். குறிப்புரை மட்டும் பெற்றவர்களே அடுத்த பணிகளில் முன்னேறினர். மதிப்பெண்ணும் குறிப்புரையும் சேர்ந்து தரப்பட்டபோது குறிப்புரையின் பயன் மங்கிப்போனது. எண்ணைக் கண்டதும் எழுத்தைப் படிக்கத் தோன்றுவதில்லை என்பது நம் அனைவரின் அனுபவமும்தான்.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். 12-ஆம் வகுப்பு இயற்பியல் கருத்தியல் தேர்வுக்கு 70 மதிப்பெண். ஒரு மாணவி திருப்புதல் தேர்வில் 38 பெற்றதாகக் கொள்வோம். அவளுடைய இலக்கு 60. வீட்டில் ஒலிக்கும் சொற்கள், 'பாதிதான் தேறியிருக்கிறது' என்பதாக இருக்கும். இழந்த 32 மதிப்பெண்ணை விடைத்தாளில் தேடினால் வேறு கதை தெரியும். ஒரு மதிப்பெண் வினாக்களில் ஆறு தவறு. கணக்கு வகைக் கட்டாய வினாக்கள் இரண்டில் சூத்திரம் நினைவுக்கு வராமல் 5 மதிப்பெண் போயிற்று. படத்தில் பாகம் குறிக்காமலும், விடையில் அலகு எழுதாமலும் 3. படிக்காமல் விட்ட ஒரு பாடத்தால் 8. எஞ்சிய 10, நேரம் போதாமல் தொடாமலே விட்ட இரண்டு ஐந்து மதிப்பெண் வினாக்கள். இரண்டுக்கும் அவளுக்கு விடை தெரியும்.

ஆக, உண்மையில் அவளுக்குத் தெரியாமல் போனது எட்டு மதிப்பெண்ணுக்கு உரியதும், ஒரு மதிப்பெண் வினாக்களில் சிலவும்தான். மற்றவை மறதி, கவனக்குறைவு, நேரப் பங்கீடு ஆகியவற்றின் விளைவு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. நேரம் போதாதவருக்கு 'இன்னும் நிறையப் படி' என்பது மருந்தாகாது. அவர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பழக வேண்டும். அலகை மறப்பவர் பாடத்தை மீண்டும் முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு விடையையும் முடித்தபின் ஐந்து விநாடி நின்று பார்த்தால் போதும். 38 என்ற எண்ணை மட்டும் பார்ப்பவர் எல்லா நோய்க்கும் ஒரே கசாயத்தைப் புகட்டுகிறார். காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிடுவதும் கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதும் அந்தக் கசாயத்தின் பெயர்கள்.

எனவே, ஏமாற்றத்தோடு நிற்கும் மாணவருக்குச் சொல்ல வேண்டிய முதல் ஆலோசனை எளிமையானது. விடைத்தாளைக் கேட்டு வாங்குங்கள். ஒரு தாளில் நான்கு கட்டங்கள் வரைந்து, இழந்த மதிப்பெண் ஒவ்வொன்றையும் 'தெரியாது', 'மறந்துவிட்டேன்', 'நேரமில்லை', 'கவனம் பிசகியது' என்று பிரித்தெழுதுங்கள். கடைசி இரண்டு கட்டங்களை முதலில் சரிசெய்யுங்கள்; குறைந்த உழைப்பில் விரைவாக மீளக்கூடிய மதிப்பெண்கள் அவைதாம். மறந்தவற்றைப் புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பாருங்கள். தெரியாத பாடத்துக்கு ஆசிரியரின் துணையை நாடுங்கள். ஒரு வாரம் கழித்து, அதே வினாத்தாளை அதே மூன்று மணி நேரத்தில் மீண்டும் எழுதுங்கள். அன்று கூடும் மதிப்பெண் எந்த மேடைப் பேச்சாளரின் ஊக்க உரையைவிடவும் நம்பிக்கை தரும்.

பெற்றோரும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 'மதிப்பெண் முக்கியமல்ல' என்று தேற்றுவது அன்பினால் சொல்லப்படுவது. ஆனால் பிள்ளைகள் அதை நம்புவதில்லை. தமிழகத்தில் பொறியியல் கலந்தாய்வு 12-ஆம் வகுப்பின் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை 200-க்கு மாற்றிக் கணக்கிடும் தரவரிசையில்தான் நடைபெறுகிறது. அதில் அரை மதிப்பெண்கூட இடத்தை மாற்றும் என்பது அவர்களுக்குத் தெரியும். பொதுத்தேர்வு மதிப்பெண் முக்கியம். அதனாலேயே திருப்புதல் தேர்வின் பிழைகள் மதிப்பு மிக்கவை என்று சொல்வதுதான் நேர்மை. அண்டை வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை விசாரிப்பதை விட்டுவிட்டு, 'எந்தக் கேள்விக்கு நேரம் போதவில்லை?' என்று கேட்டால் உரையாடல் தொடங்கும். பிள்ளை உணவையும் உறக்கத்தையும் பேச்சையும் குறைத்துக்கொண்டால், வாழ்வே வேண்டாம் என்ற தொனியில் ஏதேனும் சொன்னால், அதைத் தேர்வுக் காலக் கோபம் என்று ஒதுக்காமல் உடனே அருகில் இருக்க வேண்டும். மத்திய அரசின் டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும், தமிழக அரசின் மருத்துவ உதவி மையத்தை 104 என்ற எண்ணிலும் அழைக்கலாம். அழைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆசிரியர்கள் மீது மட்டும் பழி போடுவதும் நியாயமாகாது. ஐந்து வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியரிடம் இருநூறு விடைத்தாள்கள் குவிகின்றன. அவற்றைத் திருத்தி முடிப்பதற்குள் அடுத்த தேர்வு வந்துவிடுகிறது. இடையில் மதிப்பெண்களை இணையத்தில் பதிவேற்றும் பணி வேறு. இந்த நிலையில் ஒவ்வொரு தாளிலும் குறிப்புரை எழுதச் சொல்வது நடவாத காரியம். மாற்ற வேண்டியது கால அட்டவணையை.

பள்ளிக் கல்வித்துறை செய்யக்கூடியது ஒன்றுண்டு. திருப்புதல் தேர்வுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, அந்த நாள்களை விடைத்தாள் நாள்களாக அறிவிக்கலாம். பாடத்துக்கு இரண்டு பாடவேளை போதும். மாணவர்கள் தத்தம் தாளை விடைக்குறிப்போடு ஒப்பிட்டுத் தாங்களே பிழைகளைப் பிரித்தெழுதுவார்கள். ஆசிரியர் வகுப்பில் பலர் செய்த பொதுப் பிழைகளை மட்டும் விளக்குவார். ஒருவர் இருநூறு தாளில் எழுத முடியாத குறிப்புரையை இருநூறு பேர் தத்தம் தாளில் எழுதிக்கொள்வார்கள். அதன் பிறகு மதிப்பெண்ணை வீட்டுக்கு அனுப்பினால் போதும். பிழைப் பட்டியலும் அதனுடன் போகட்டும். அரையாண்டு, திருப்புதல் தேர்வு மதிப்பெண்ணைக் காரணம் காட்டி எந்த மாணவரையும் பொதுத்தேர்விலிருந்து விலக்கக் கூடாது என்பதையும் ஆண்டின் தொடக்கத்திலேயே எல்லாப் பள்ளிகளுக்கும் எழுத்துவழியாகத் தெரிவிக்க வேண்டும். மீறும் பள்ளிகள் மீது நடவடிக்கை வேண்டும்.

2025 ஆகஸ்டில் வெளியான தமிழ்நாடு மாநிலக் கல்விக் கொள்கையின்படி 11-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. மாணவர்களின் தேர்வுச் சுமையைக் குறைக்க வேண்டும் என்ற அக்கறை அரசுக்கு இருப்பதை அது காட்டுகிறது. பொதுத்தேர்வு ஒன்று குறைந்த இடத்தை ஒத்திகைத் தேர்வுகள் நிரப்பிவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் அடுத்த கடமை.

திருப்புதல் தேர்வில் மதிப்பெண் குறைந்ததற்காக யாருக்கும் கல்லூரி இடம் பறிபோவதில்லை. எந்தச் சான்றிதழிலும் அந்த எண் ஏறுவதில்லை. பிழை செய்வதற்கென்றே மாணவருக்கு நாம் ஒதுக்கித் தந்த ஒரே தேர்வு அது. அந்தப் பிழைகளைக் காணும் வாய்ப்பையும் அவருக்குத் தர வேண்டும். இன்று மாலை பிள்ளை தலைகுனிந்து வீடு திரும்பினால், எவ்வளவு என்று கேட்பதற்கு முன், விடைத்தாள் கொடுத்தார்களா என்று கேட்டுப் பார்ப்போம்.